பருத்தியின் உச்சிக் கொழுந்து

நம் அங்கத்தினருள் பருத்தி விதைப்போரும் உளர். அந்நூலைத் தறியில் ஏற்றுவோரும் உளர். இரு சாராரின் பிழைப்பும் செடியில் நிற்கும் காயைப் பொறுத்தது. காய் நிற்பதும் உதிர்வதும் செடி தானே உண்டாக்கிக்கொள்ளும் ஹார்மோன்களின் வேலையாகும்.

நம் உடலில் ஹார்மோன் சுரக்கத் தனிச் சுரப்பிகள் உண்டு. செடிக்கு அவை இல்லை. உச்சிக் கொழுந்தும் இளந்தளிருமே டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்தை ஆக்ஸினாக மாற்றித் தண்டின் வழியே கீழே அனுப்புகின்றன. அது இறங்கிவரும் வரையில் பக்க மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். கொழுந்தைக் கிள்ளினால் அத்தடை தளர்கிறது. உயரத்திற்குச் செலவாகும் சத்தும் காய்களுக்குத் திரும்புகிறது. பருத்தியில் நுனி கிள்ளச் சொல்வதன் காரணம் இதுவே.

இலையும் பிஞ்சும் ஆக்ஸினை அனுப்பும் வரையில் காம்பு உறுதியாக நிற்கும். வறட்சியோ நீர்த்தேக்கமோ நேர்ந்தால் அது குறைகிறது. செடி எத்திலீன் என்னும் வாயுவை மிகுதியாக உண்டாக்குகிறது. காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு நெகிழ்ந்து, சப்பையும் பிஞ்சும் உதிர்கின்றன. அப்சிசிக் அமிலம் என்ற மற்றொரு ஹார்மோனை 1963-இல் கலிபோர்னிய விஞ்ஞானிகள் இளம் பருத்திக் காய்களிலிருந்தே பிரித்தெடுத்தனர் என்பது நமக்கு ஒரு பெருமைதான்!

ஆனால் நாம் இதை எழுத நேர்ந்தது வேறொரு காரணத்தால். அங்கத்தினர் ஒருவரின் வயலில் பருத்தியிலைகள் வெண்டையிலைபோல் ஒடுங்கிப் பிளந்து, காம்புகள் முறுக்கிக் கிடந்ததைக் கண்டோம். அவர் வைரஸ் நோய் என்று கலங்கியிருந்தார். விசாரித்ததில், மக்காச்சோளத்தில் களைக்கு 2,4-டி அடித்த தெளிப்பானையே இரவல் வாங்கி, நீரால் ஒருமுறை அலசிவிட்டுப் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்.

2,4-டி ஆக்ஸினைப்போலவே வேலை செய்யும் செயற்கைப் பொருள். சொந்த ஆக்ஸின் மிகுந்தால் செடி அதைச் சிதைத்து அளவில் வைக்கிறது. இதை அவ்வளவு எளிதில் சிதைக்க இயலாது. புல்லினமாகிய சோளம் தாங்கும். பருத்தியோ மிகச் சிறிய அளவையும் தாங்காது. அண்டை வயலிலிருந்து காற்றில் வரும் திவலையே போதும். அவ்வயலில் சப்பைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. கடன் தவணையோ அறுவடையை நம்பி எழுதப்பட்டது.

அதன்பின் களைக்கொல்லிக்கென ஒரு தெளிப்பானை ஒதுக்கி, அதன் தொட்டியில் சிவப்பு வண்ணம் பூசிவைத்திருக்கிறோம். பருத்திக்கு அதை யார் கேட்டாலும் கொடுப்பதில்லை.