ஒரு அடி மண்ணுக்குள்ளே ஒரு கிட்டங்கி!



சிவில் படிக்கும் நமக்கு மண் என்றால் என்ன? சல்லடையில் சலிப்போம், ஓவனில் காய வைப்போம், எவ்வளவு எடை தாங்கும் என்று பார்ப்போம். அஸ்திவாரம் தோண்டும்போது மேல்மண்ணை 'இது உதவாது' என்று வழித்துத் தள்ளுவோம். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் வாசுதேவநல்லூர். மேற்கே மலை, அடிவாரத்தில் நெல், கரும்பு, எலுமிச்சை. எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு ஏக்கர். எனக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய நேரத்தில், செங்கல் சூளைக்கு மண் எடுக்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "ஒரு அடிதான் அண்ணாச்சி. ரெண்டு மூடை உரம் கூடப் போட்டா பயிரு எப்பவும்போல வந்துரும்" என்றார். அப்பா என்னைப் பார்த்து, "நீதாம்ல படிச்சவன், நீயே சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எனக்கோ பதில் தெரியவில்லை! அதன்பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு கிராம் நல்ல மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் சேர்ந்த இந்த உயிர்க்கூட்டத்தின் மொத்த எடையைத்தான் 'நுண்ணுயிர் உயிர்த்திரள்' என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாததை எப்படி எடை போடுவது? 1976-ல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஜென்கின்சன், பவுல்சன் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். மண்ணைக் குளோரோஃபாம் ஆவியில் வைத்தால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். அவற்றின் உடம்பிலிருந்து வெளிவரும் கரிமத்தை, ஆவி காட்டாத மண்ணோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட வேண்டும். அவ்வளவுதான்!

இந்த உயிர்களுக்கும் பயிருக்கும் என்ன சம்பந்தம்? தழைச்சத்தையும் மணிச்சத்தையும் இவை தம் உடம்புக்குள் வாங்கி வைத்துக்கொள்கின்றன. அப்படி உள்ளே போன சத்து மழைத் தண்ணீரோடு அடித்துப் போகாது. அவை சாகும்போது அந்தச் சத்து மறுபடி மண்ணுக்கு வருகிறது. வேர் அதை எடுத்துக்கொள்கிறது. சரக்கை வாங்கி வைத்து, வேண்டிய நேரத்தில் கொடுக்கும் கிட்டங்கி மாதிரி!

காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஜே.எஸ். சிங் குழுவினர் விந்திய மலைப் பகுதியின் வறண்ட காட்டிலும் புல்வெளியிலும் இதை ஆராய்ந்து 1989-ல் வெளியிட்டார்கள். மழைக்காலத்தில்தான் நுண்ணுயிர் அதிகம் இருக்கும் என்று நாம் நினைப்போம். அங்கே நேர்மாறு! கோடையில் அதிகம், மழைக்காலத்தில் குறைவு. செடி வளராத வெயில் காலத்தில் சத்தைப் பிடித்து வைத்து, மழை பெய்து செடி தளிர்க்கும்போது விட்டுக்கொடுக்கின்றன.

கிட்டங்கியின் அளவு இடத்துக்கு இடம் மாறும். இலைச்சருகு விழுந்துகொண்டே இருக்கும் காட்டில் பெரிது. காட்டை அழித்து உழுத நிலத்தில் சிறிது. பாலைவனத்தில் மிகமிகச் சிறிது. எங்கள் ஊர் மலைக்காட்டில் யாரும் உரம் போடவில்லையே, மரங்கள் எப்படிச் செழிக்கின்றன? விழுகிற இலையை மக்க வைத்து, சத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுப்பது இந்த உயிர்கள்தான்.

2013-ல் வெளிவந்த ஓர் உலக அளவிலான கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மீட்டர் ஆழம் வரையுள்ள மண்ணில் நுண்ணுயிர்களின் கரிமம் மட்டும் சுமார் 2,320 கோடி டன். அதில் 1,670 கோடி டன் மேல் 30 சென்டிமீட்டரில் இருக்கிறது. அதாவது, அந்த 'ஒரு அடி'யில்தான் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைய!

உடனே எங்கள் ஏக்கருக்குக் கணக்குப் போட்டேன். மேல் 15 சென்டிமீட்டர் மண் மட்டும் சுமார் 900 டன். அதில் கரிமம் அரை சதவீதம் என்றால் 4,500 கிலோ. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு நுண்ணுயிர் என்று வைத்தால் 90 கிலோ. நுண்ணுயிர் உடம்பில் கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து அணுக்கள் சராசரியாக 60:7:1 என்ற விகிதத்தில் இருப்பதாக 2007-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் தழைச்சத்து 12 கிலோ, மணிச்சத்து சுமார் 4 கிலோ. தழைச்சத்து மட்டுமே அரை மூடை யூரியாவுக்கு மேல்! போனால் போகிறது, யூரியாவை வாங்கிப் போடலாம் என்பீர்கள். ஆனால் அதைப் பிடித்து வைக்கும் உயிர்களையும், அவை தின்று வாழும் மக்கையும் எந்தக் கடையில் மூடை போட்டு விற்கிறார்கள்?

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கெடை போட்ட வயலு ஏன் மறு வருசமும் நல்லா வெளையுதுன்னு இப்பல்லா தெரியுது" என்றார். ஆட்டுக்கிடையும் கொழுஞ்சித் தழையும் இந்த உயிர்களுக்குப் போடும் சாப்பாடு என்பது படிக்காத அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. மண்ணைக் கொடுக்கவில்லை. என் ஃபீஸுக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அதை மீட்க வேண்டியது என் பொறுப்பு.

நண்பர்களே! நாளைக்கு சைட்டில் நிற்கப்போவது நாம்தான். மேல்மண்ணை வழித்தால் தனியே குவித்து வைத்து, வேலை முடிந்ததும் தோட்டத்தில் பரப்பச் சொல்வோம். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல் கிடைக்கும் இடத்தில் அதைக் கேட்டு வாங்குவோம். மேல்மண்ணைக் காப்பாற்றத்தான் மத்திய அரசு 1999-லேயே சாம்பலைச் செங்கலில் சேர்க்கச் சொல்லி அறிவிக்கை வெளியிட்டது. வீடு கட்டுவது நம் தொழில். அதற்காகச் சோறு போடும் வயலைத் தோண்ட வேண்டாமே!

— மூன்றாமாண்டு, சிவில் பிரிவு