லொறியில் ஏற்றிய ஜெனரேட்டர்: சூட்டைக் கவனிக்காவிட்டால் முதலுக்கே நட்டம்

யாழ் குடாநாட்டு வர்த்தகர்களுக்கு ஜெனரேட்டர் புதிய பொருள் அல்ல. 1990இல் தேசிய மின்விநியோகம் துண்டிக்கப்பட்ட பின்னர் கடை வெளிச்சமும் கல்யாண வீட்டு வெளிச்சமும் பல ஆண்டுகள் அதை நம்பியே இருந்தன. போர் முடிந்து மின்சாரம் சீரான பின்னரும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது அதன் அருமை மீண்டும் தெரிந்தது. கல்யாணம், திருவிழா, பொதுக்கூட்டம் என்று ஜெனரேட்டரை லொறியில் ஏற்றி வாடகைக்கு விடுவது நல்லதொரு தொழில்.

இதில் இறங்குபவர்கள் இயந்திரத்தின் விலையையும் டீசல் செலவையும் கணக்குப் பார்க்கிறார்கள். சூட்டை எப்படி வெளியேற்றுவது என்று பார்ப்பவர்கள் குறைவு. கல்யாண இரவில் இயந்திரம் சூடேறி நின்றால் வாடகையும் போகும், நற்பெயரும் போகும். சிலிண்டர் ஹெட் வளைந்தால் பல மாத உழைப்பும் கராஜுக்கே போய்விடும்.

எவ்வளவு சூடு?

டீசலில் உள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மின்சாரமாகிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதி இயந்திரத்தைச் சுற்றி ஓடும் தண்ணீரில் ஏறுகிறது. 20 கே.வி.ஏ. ஜெனரேட்டர் முழுச் சுமையில் 16 கிலோவாட் மின்சாரம் தரும்போது, ஏறத்தாழ அதே அளவு சூட்டை றேடியேட்டர் வெளியே தள்ள வேண்டும். 2 கிலோவாட் மின்கேத்தல்கள் எட்டை லொறிப் பெட்டிக்குள் வைத்து ஓயாமல் கொதிக்கவிடுவது போன்றது இது.

காற்றுக்கு வழி

திறந்த வெளியில் நன்றாக ஓடிய இயந்திரம் லொறிக்குள் ஏறியதும் கொதிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் றேடியேட்டர் அல்ல, காற்றோட்டமின்மையே. மேற்சொன்ன 16 கிலோவாட் சூட்டை, காற்று 10 பாகைக்கு மேல் சூடேறாமல் வெளியேற்ற, செக்கனுக்கு 1.3 கன மீற்றர் காற்று தேவை. எனவே காற்று வெளியேறும் வாசல் றேடியேட்டர் முகப்பைவிடக் கால்பங்காவது பெரிதாகவும், உள்ளே வரும் வாசல் ஒன்றரை மடங்காகவும் இருப்பது நல்லது. வலையோ தகட்டு மறைப்போ போட்டால் இன்னும் பெரிதாக்க வேண்டும்.

இரு வாசல்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கட்டும். றேடியேட்டருக்கும் பெட்டியின் சுவருக்கும் இடையிலுள்ள வெளியைத் தகடு அல்லது கன்வஸ் கொண்டு சுற்றிலும் மூடுங்கள். இல்லாவிட்டால் வெளியேற வேண்டிய சூடான காற்று திரும்பவும் உள்ளே இழுக்கப்படும். ஓட்டத்திலும் இயக்குவதானால், சூடான காற்று வாகனத்தின் பின்புறமாக வெளியேறும்படி வையுங்கள். முன்புறம் வைத்தால் எதிர்க்காற்று விசிறியோடு மல்லுக்கட்டும்.

றேடியேட்டரும் இயந்திரமும் ஒரே சட்டத்தில் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கும் லொறித் தளத்துக்கும் இடையில் றப்பர் தாங்கிகள் போடுங்கள். இல்லையேல் அதிர்வில் குழாய் இணைப்புகள் கசியும்.

எந்தத் தண்ணீர்?

குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். நமது கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவமே அதற்குச் சாட்சி. கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அதே படிவம் றேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். தீவுப் பகுதிகளின் உவர்த் தண்ணீர் துருவையும் சேர்த்துத் தரும். வடித்த நீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். உறைபனி இல்லாத ஊருக்குக் கூலன்ட் எதற்கு என்பார்கள். அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும்.

மூடியையும் கவனியுங்கள். 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீரே சுமார் 118 பாகையில்தான் கொதிக்கும். சூட்டோடு அதைத் திறந்தால் முகம் வெந்துவிடும். சூடேறுகிறது என்று தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தவறு. சில இயந்திரங்களில் அதனால் தண்ணீர் றேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, சூடு கூடும்.

உயிருக்கும் காவல்

புகைக்குழாயைக் கூரைக்கு மேலே, காற்று உள்வரும் வாசலுக்குத் தொலைவாக விடுங்கள். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இயந்திரம் ஓடும்போது லொறிக்குள் எவரையும் படுக்க விடாதீர்கள்.

சூடு கூடினால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் சுவிட்சோடு, தண்ணீர் மட்டம் குறைந்தால் நிறுத்தும் சுவிட்சும் பொருத்துங்கள். தண்ணீர் முழுவதும் ஒழுகிவிட்டால் சூட்டுச் சுவிட்ச் வெறும் காற்றில் நின்று சரியான சூட்டைக் காட்டாது.

கராஜுக்குக் கடைசிப் பணம் கொடுக்குமுன், நண்பகல் வெயிலில், வேலையின்போது மூடும் கதவுகளை மூடி, முக்கால் சுமையில் இரண்டு மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள். றேடியேட்டருக்குள் போகும் காற்று வெளிக்காற்றைவிட 5 பாகைக்கு மேல் சூடாக இருந்தால், சூடான காற்று உள்ளுக்குள்ளேயே சுற்றுகிறது என்று பொருள். அதைத் திருத்திய பின்னரே பணத்தைக் கொடுங்கள். முதல் வாடகையும் அதற்குப் பிறகே.