மூணு கோடு!

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் நண்பர் ஒருவர் தொழிலுக்கு வெப்சைட் போட்டார். திறந்தால் மெனுவில் 14 அயிட்டம்! 'விஷன்', 'மிஷன்', 'சேர்மன் செய்தி'... (சேர்மனும் அவரே, ஷெட்டில் வெல்டிங் பிடிப்பவரும் அவரே!)

செல்போனில் அதுவும் தெரியாது. மூலையில் மூன்று கோடுதான். 1981-ல் வந்த 'ஜெராக்ஸ் ஸ்டார்' கம்ப்யூட்டருக்காக நார்ம் காக்ஸ் என்பவர் வரைந்த சின்னம். அதைத் தொட்டால்தான் மெனு விரியும். டேங்கர் விலை கேட்க வந்த வெளியூர் லாரி ஓனருக்கு அது தெரியவில்லை. போன் நம்பர் கிடைக்காமல், ஆர்டரை வேறு ஷெட்டில் கொடுத்துவிட்டார். "திருநீற்றுப் பட்டைன்னு நெனச்சு கும்பிட்டுட்டேங்க" என்றாராம் பிறகு!

"இப்ப என்னங்க பண்றது?" என்றார் நண்பர், பரிதாபமாக.

சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். "போர்டைப் பாருங்க. 'நாமக்கல், வழி ராசிபுரம்'. பஸ் ஓனரோட லட்சியமா எழுதியிருக்கு? வர்றவர் எதைத் தேடுறாரோ, அதான் போர்டு!"

14-ஐ 5 ஆக்கினோம்: பாடி வகைகள், கட்டிய வண்டிகள், விலை கேட்க, வரும் வழி, போன். 'போன்' மட்டும் கோட்டுக்குள் ஒளியாமல், எந்தப் பக்கத்திலும் கண்ணில் படும்படி.

நண்பருக்கு ஒரே ஒரு குறை. "சேர்மன் செய்தி?"

"போன் அடிச்சா உடனே எடுத்து, 'சொல்லுங்க'ன்னு சொல்லுங்க. அதான் சேர்மன் செய்தி!"