சடுகுடுவும் சட்டமும்

காரைக்கால்மேடு போன்ற கடலோர ஊர்களில் மணலில் கோடு கிழித்துச் சடுகுடு ஆடும் வாலிபர்களுக்கு அவ்விளையாட்டை நாம் கற்பிக்கப் புகுவது மீன்குஞ்சுக்கு நீந்தச் சொல்லிக் கொடுப்பதாகும். ஆயினும் ஆட்டம் வேறு, ஆட்டத்தின் சட்டம் வேறு. ஆட்டம் அறிந்து சட்டம் அறியாத இடத்தில், மாலையில் மூளும் பூசல் மறுநாள் ஊர்ப் பஞ்சாயத்து வரை செல்கின்றது.

ஊரென்ன, உலக அரங்கிலும் இதே கதைதான். 1936-ல் பெர்லினில் அமராவதி வீரர்கள் வெறும் காட்சியாக ஆடிக் காட்டிய கபடி, 1990 முதல் ஆசிய விளையாட்டு விழாவில் பதக்கத்துக்குரியதாயிற்று. 2018-ல் ஈரானியர் தங்கத்தைக் கொண்டுபோயினர். 2023-ம் வருஷம் அக்டோபர் 7-ந் தேதி சீனாவின் ஹாங்சௌ நகரில் இறுதிப் போட்டியில் மீண்டும் அவர்களே எதிரில் நின்றனர். இரு கட்சிக்கும் 28 புள்ளிகள். எஞ்சியது சுமார் ஒரு நிமிஷம். நம் தலைவர் பவன் செஹ்ராவத் எவரையும் தொடாமலே ஓரத்து ‘லாபி’யில் கால் வைத்தார், ஈரானியரும் பின்தொடர்ந்து புகுந்தனர். பழைய விதிப்படி தொடாது புகுந்த அனைவரும் ஆட்டமிழந்தோர். புதிய விதிப்படி பாடிச் சென்றவர் ஒருவரே. மத்தியஸ்தர்கள் தீர்ப்பை மாற்றி மாற்றிச் சொல்ல, ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. முடிவில் 33-29 என்று இந்தியா ஜயித்தது. நமக்கும் மகிழ்ச்சியே, ஆனால் சட்டம் எதுவென்று ஆட்டத்தின் நடுவே ஆராய்வது இவ்விளையாட்டைப் பெற்ற தேசத்துக்குப் பெருமையன்று.

ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கட்சிக்கு எழுவர். இருமுறை 20 நிமிஷம்; நடுவே 5 நிமிஷ ஓய்வு. பாடிச் செல்பவர் ‘கபடி, கபடி’ என்று இடைவிடாது உச்சரித்து 30 வினாடிக்குள் திரும்ப வேண்டும். தொட்டு மீண்டால் தொட்ட தலைக்கு ஒரு புள்ளி. பிடிபட்டால் பிடித்த கட்சிக்கு ஒன்று. மூவரோ அதற்குக் குறைந்தவரோ நின்று பிடித்தால் மேலும் ஒன்று. எதிரி ஒருவர் வெளியேற, முன்னர் வெளியேறிய நம்மவர் ஒருவர் வரிசைப்படி உயிர்பெறுவார். எழுவரும் வெளியேறினால் அது ‘லோனா’; எதிர்க்கட்சிக்கு மேற்கொண்டு 2 புள்ளி.

எவரையும் தொடாது திரும்புபவர், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரிலுள்ள கோட்டையாவது தாண்டியிருக்க வேண்டும். அதற்கு ஒரு மீட்டர் அப்பால் இருப்பது போனஸ் கோடு. எதிரில் அறுவரோ எழுவரோ நிற்கையில், ஒரு கால் அதைக் கடந்து ஊன்றி மறு கால் தரை படாதிருந்தால் ஒரு புள்ளி. இப்புள்ளியால் எவரும் உயிர்பெறார். புதியவர் பெரிதும் இடறுவது இங்கேதான்.

இரு ஓரங்களிலும் ஒரு மீட்டர் அகலமுள்ள லாபி, பாடுபவரும் எதிரியும் தொட்ட பின்னரே களத்தோடு சேரும். ஊர்ப் பந்தயங்களில் லாபி உண்டா இல்லையா, தொடாமல் புகுந்தால் யார் யார் வெளியேறுவது, 30 வினாடியை எண்ணுபவர் எவர் என்பவற்றை, நாணயம் சுண்டுமுன் இரு தலைவர்களும் கேட்க நடுவர் தமிழில் உரக்கப் படித்துவிட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். அதற்கு இரண்டு நிமிஷம் போதும்.