சொல்லைப் பார்க்கும் கருவியும் தொடரைப் பார்க்கும் கருவியும்

1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. இன்று ஆந்திரத்தில் இருந்தாலும் சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழில் எழுதுவோர் இருக்கிறார்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ‘சப்தகிரி’ இதழே தமிழிலும் வருகிறது. இப்படி எழுதுவோர்க்கு விலையில்லாமல், மூலநிரலும் திறந்தே கிடைக்கும் பிழைதிருத்திகள் உண்டு. எதை வைத்துக்கொள்வது?

லிப்ரேஆபிஸ் அலுவலகத் தொகுப்பு, பயர்பாக்ஸ் உலாவி இரண்டுக்குள்ளும் இருப்பது ஹன்ஸ்பெல். ஹங்கேரி மொழிக்காகப் பிறந்தது. அம்மொழியும் தமிழைப் போலவே விகுதிகளை அடுக்கிக்கொண்டு போவது. அதனால் ஹன்ஸ்பெல் ஒரு கோப்பில் சொற்களையும் இன்னொரு கோப்பில் விகுதி சேரும் விதிகளையும் வைத்திருக்கிறது. ‘மலை’ அகராதியில் இருந்து, விதியும் சரியாக இருந்தால், ‘மலையிலிருந்து’ தனியே இருக்க வேண்டியதில்லை. பலமநேர், புத்தூர் போன்ற ஊர்ப் பெயர்களுக்குச் சிவப்புக் கோடு விழுந்தால் நம் சொந்த அகராதியில் சேர்த்துவிடலாம்.

ஆனால் ‘திருப்பதிக்கு சென்றார்கள்’ என்று எழுதிப் பாருங்கள். கோடு விழாது. இரண்டு சொல்லும் தனித்தனியே சரி. இடையில் வர வேண்டிய ‘ச்’தான் இல்லை. ‘வண்டிகள் நின்றது’ என்பதும் அப்படியே தப்பிவிடும். தமிழில் நாம் அதிகம் தடுக்கி விழும் இடம் இந்தச் சந்தியும் ஒருமை பன்மையும்தான். இதைப் பிடிக்க அடுத்த சொல்லையும் சேர்த்துப் பார்க்கும் கருவி வேண்டும்.

அந்த வேலைக்கு வந்தது லாங்குவேஜ்டூல். ஜெர்மனியில் டேனியல் நாபர் 2003-இல் தொடங்கியது. ‘இன்ன வடிவச் சொல்லை அடுத்து இன்ன எழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் சுட்டிக்காட்டு’ என்று ஒவ்வொரு விதியும் எளிய எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதப்படுகிறது. கூடவே பிழையான எடுத்துக்காட்டும் தரப்படுகிறது. நம் கணினியிலேயே நிறுவினால் எழுதியது வெளியே போகாது. லிப்ரேஆபிஸ் 7.4 முதல் அதனுடன் இணைக்கவும் வழி உண்டு. அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, தெலுங்கு இல்லை. இருமொழியிலும் எழுதுவோர் தெலுங்குக்கு ஹன்ஸ்பெல்லை நம்பலாம்.

என் தேர்வு இரண்டையும் சேர்த்து வைப்பதே. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. ஆங்கிலத்துக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும் விதிகள் தமிழுக்கு மிகக் குறைவு. எனவே கோடு விழவில்லை என்பதால் பிழையே இல்லை என்று எண்ண வேண்டாம். ஒற்று மிகும் இடங்களை வகுப்பில் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர்களே, நிரல் தெரியாவிட்டாலும் நீங்கள் விதி எழுதலாம். கணினி தெரிந்த மாணவர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு முதல் விதியை இந்த மாதமே எழுதித் தாருங்கள்.