ஒட்டுப் போட்ட கிட்டாருக்கு ரூ.27 கோடி: ‘பிளாக் ஸ்ட்ராட்’ விலையின் ரகசியம் என்ன?

தருமபுரி மாவட்டம் ஏரியூர் பக்கம் விடிய விடிய கூத்து பார்த்தவர்களுக்கு அந்த ஆர்மோனியத்தைத் தெரிந்திருக்கும். துருத்தியில் ஒட்டு, மாற்றிய ரீடு, பெயர்ந்த பாலிஷ். ‘இதைப் போய் யார் வாங்குவாங்க?’ என்றுதான் தோன்றும். ஆனால், அதேபோல வெட்டி, ஒட்டி, பாகம் மாற்றிய ஒரு கிட்டார் 2019-ல் சுமார் ரூ.27 கோடிக்கு ஏலம் போனது.

யாருடைய கிட்டார்?

இங்கிலாந்தின் ‘பிங்க் ஃபிளாய்டு’ ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோருடையது. பெயர் ‘பிளாக் ஸ்ட்ராட்’. ஃபெண்டர் நிறுவனத்தின் 1969-ம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை. 1970-ல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது குழுவின் கருவிகள் திருடு போயின. அதன்பின் நியூயார்க்கின் ‘மேனிஸ்’ கடையில் கில்மோர் வாங்கியதுதான் இது. 1973-ல் வெளியாகி உலகம் முழுக்க விற்ற ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ முதல் 1979-ன் ‘தி வால்’ வரை பல ஆல்பங்களில் ஒலித்தது.

‘பழசைத் தொடாதே’ என்பார்களே?

பழைய கிட்டார் சந்தையின் முதல் விதியே அதுதான். தொழிற்சாலையில் இருந்து வந்த பெயின்ட், கம்பிச்சுருள், திருகு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். புதுசா பெயின்ட் அடிச்சா விலை சரிந்துவிடும்.

பிளாக் ஸ்ட்ராட் இந்த விதி எதற்கும் அடங்கவில்லை. அதன் கறுப்பு நிறமே பழைய பெயின்ட்டின் மேல் அடித்ததுதான். கழுத்துப் பகுதி பலமுறை மாற்றப்பட்டது. பிக்கப் மாறியது, கூடுதலாக ஒரு சுவிட்ச் வந்தது. 1980-களில் வேறொரு ட்ரெமோலோ கருவியைப் பொருத்த உடலிலேயே மரத்தை வெட்டினார்கள். பிறகு அந்தப் பள்ளத்தை அடைத்தார்கள். பல ஆண்டுகள் ஓர் உணவகத்தில் காட்சிப் பொருளாகவும் இருந்தது. திரும்பி வந்தபின் சரிசெய்யப்பட்டு, 2005-ல் லண்டன் ‘லைவ் 8’ மேடையில் மீண்டும் ஒலித்தது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

எலெக்ட்ரிக் கிட்டாரின் உடல் கட்டையானது. கம்பிக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கும். இதுதான் பிக்கப். இரும்புக் கம்பி அதிரும்போது செம்புச் சுருளில் மிகச்சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது ஆம்ப்ளிஃபையர்.

அதனால் கில்மோரின் சத்தத்தில் பாதி ஆம்ப்ளிஃபையருக்குச் சொந்தம். அவர் நம்பியது இங்கிலாந்தின் ‘ஹைவாட்’ 100 வாட் ஆம்ப்ளிஃபையரை. உள்ளே இருப்பது அந்தக்கால பஞ்சாயத்து ரேடியோவில் சூடாகி ஒளிர்ந்ததே, அதே ரக வால்வு. அளவுக்கு மேல் சத்தம் ஏற்றினால் டிரான்சிஸ்டர் ஒலி அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வோ கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும். காதுக்கு இதம். ஹைவாட் அதிலும் தெளிவான ஒலிக்குப் பெயர் பெற்றது. கரகரப்பு வேண்டுமென்றால் கில்மோர் அதற்கு முன்னால் பெடல்களை வைத்துக்கொண்டார்.

ஏலத்தில் நடந்தது என்ன?

2019 ஜூன் 20 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நிறுவனம் கில்மோரின் 120-க்கும் மேற்பட்ட கிட்டார்களை ஏலம் விட்டது. பிளாக் ஸ்ட்ராட்டுக்கு நிறுவனம் மதிப்பிட்டது 1 லட்சம் முதல் 1.5 லட்சம் டாலர். போன விலை 39.75 லட்சம் டாலர். அன்றைய தேதிக்கு ஏலத்தில் விற்ற கிட்டார்களில் அதுவே உச்சம்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று: 0001 என்ற வரிசை எண் கொண்ட 1954-ம் ஆண்டு வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அதே நாளில் ஏலம் போனது. சேகரிப்பாளர்கள் தேடித் திரியும் பொக்கிஷம் அது. அதற்குக் கிடைத்தது 18.15 லட்சம் டாலர். அரிதான எண்ணைவிட, அடித்து, உடைத்து, வாசித்துத் தேய்ந்த கிட்டாருக்கு இரண்டு மடங்குக்கும் மேல்!

மொத்தத் தொகை சுமார் 2.15 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ரூ.150 கோடி. முழுவதையும் ‘கிளையன்ட் எர்த்’ என்ற சுற்றுச்சூழல் சட்ட அமைப்புக்குக் கில்மோர் கொடுத்துவிட்டார். பருவநிலை மாற்றத்துக்கு எதிராக நீதிமன்றங்களில் போராடும் வழக்கறிஞர்களின் அமைப்பு இது.

அப்போ வீட்டிலுள்ள பழைய கிட்டார்?

வயசானதாலேயே விலை ஏறாது. எந்த வருடம், எந்த மாடல், எவ்வளவு அசல், யார் வாசித்தார் ஆகிய நான்கும் சேர்ந்துதான் விலை. நான்காவதுக்கு ஆதாரம் வேண்டும்: புகைப்படம், ரசீது, ஒலிப்பதிவு. அது உறுதியாக இருந்தால் மற்ற மூன்றும் பின்னால் போய்விடும். 2020-ல் பிளாக் ஸ்ட்ராட்டின் சாதனையை முறியடித்த கர்ட் கோபேனின் கிட்டாருக்கும் இதே கதைதான். ஒரே ஒரு தொலைக்காட்சிக் கச்சேரிதான் அதை 60 லட்சம் டாலருக்குக் கொண்டுபோனது.

கூத்து மேடை ஆர்மோனியத்துக்கு எந்த ஏல நிறுவனமும் விலை சொல்லப் போவதில்லை. ஆனால் ரிப்பேர் செய்யும்போது கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாமல், எப்போது, யார் மாற்றியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளேயே வைத்துவிடலாம். யார் கையில் இருந்த கருவி என்பதை நாளை அது சொல்லும்.