விளையாட்டுக்காகப் பள்ளியை மாற்றலாமா?



பள்ளிச் சேர்க்கைக் காலம் நெருங்கும்போது ஜெபத்திற்காக வரும் பெற்றோர் சிலர் கேட்கும் கேள்வி இது: "பாஸ்டர், மகன் நன்றாக விளையாடுகிறான். வேறொரு பள்ளியில் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். மாற்றலாமா?" பெண் பிள்ளைகளின் பெற்றோரும் இன்று இதே கேள்வியோடு வருகிறார்கள்.

சொந்த ஊரில் இருப்பவர்களைவிட நமக்கு இக்கேள்வி கனமானது. தாராவியிலும் செம்பூரிலும் அல்சூரிலும் திரிலோக்புரியிலும் வாழும் நம்மில் பலர், பிழைப்பைத் தேடி ஏற்கெனவே ஒருமுறை இடம் மாறியவர்கள். தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை என்று பிள்ளையைத் தாங்கும் கரங்கள் நமக்கு அருகில் இல்லை. பிள்ளை வேரூன்றியிருக்கும் ஒரே இடம் அவனுடைய பள்ளியும் சபையும்தான். அவற்றில் ஒன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட வேண்டுமா என்று கேட்கிறோம்.

என் பதிலை முதலிலேயே கூறிவிடுகிறேன். மாற்றலாம், ஆனால் இரண்டு காரியங்கள் உறுதியானால் மாத்திரமே. புதிய இடத்தில் தாய் தகப்பன் ஸ்தானத்தில் நின்று பிள்ளையைக் காப்பவர் யார்? விளையாட்டு கைவிட்டுப் போகும் நாளில் பிள்ளையிடம் மீதியாக இருப்பது என்ன? இவ்விரண்டுக்கும் தெளிவான விடை கிடைக்காவிட்டால், எவ்வளவு பெரிய பள்ளி அழைத்தாலும் அனுப்பாதிருங்கள்.

மும்பை கற்பிக்கும் பாடம்

நாடறிந்த உதாரணம் சச்சின் டெண்டுல்கர். பாந்திராவில் நியூ இங்கிலிஷ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுவனை, பயிற்சியாளர் ரமாகாந்த் அச்ரேக்கரின் ஆலோசனையின்படி தாதரிலுள்ள சாரதாஸ்ரம் வித்யாமந்திர் பள்ளிக்கு மாற்றினார்கள். பழைய பள்ளியில் கிரிக்கெட்டுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. புதிய பள்ளியிலோ அச்ரேக்கரின் நேரடிப் பயிற்சி இருந்தது. முழுக்க முழுக்க விளையாட்டுக்காகவே நிகழ்ந்த மாற்றம் இது.

இச்சரித்திரத்தைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள். தம்பியின் திறமையை முதலில் கண்டு, பயிற்சியாளரிடம் அழைத்துச் சென்றவர் மூத்த சகோதரர் அஜித். தினசரிப் பயணம் சிறுவனைச் சோர்வடையச் செய்தபோது, சிவாஜி பார்க் அருகே குடியிருந்த சிற்றப்பாவும் சிற்றன்னையும் அவனைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பள்ளி மாறியது, வீடும் மாறியது, குடும்பத்தின் கண்காணிப்போ மாறவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு மைதானத்தின் அருகே அப்படிப்பட்ட ஒரு வீடு இருக்கிறது?

1988 பிப்ரவரியில் ஹாரிஸ் ஷீல்டு அரையிறுதி ஆட்டத்தில் சாரதாஸ்ரம் பள்ளிக்காக டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ஓட்டங்கள் குவித்தனர். டெண்டுல்கர் 326, காம்ப்ளி 349. அன்று அதிக ஓட்டம் எடுத்தவர் காம்ப்ளியே. பின்னாளில் டெண்டுல்கர் 200 டெஸ்ட் ஆட்டங்களில் ஆடினார்; காம்ப்ளி 17 ஆட்டங்களில் ஆடினார். ஒரே பள்ளி, ஒரே ஆசான், ஒரே மைதானம். ஆனாலும் இருவருடைய பாதையும் ஒன்றாக இருக்கவில்லை.

அதே ஆட்டத்தில், அடுத்து ஆட வேண்டியவராகக் கால்காப்பு அணிந்து காத்துக்கொண்டிருந்தவர் அமோல் முசும்தார். அவரும் வேறொரு பள்ளியிலிருந்து சாரதாஸ்ரமுக்கு மாறி வந்தவரே. அன்று அவருக்குத் துடுப்பாடும் முறை வரவே இல்லை. பின்பு மும்பைக்காகத் தம் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 260 ஓட்டங்கள் எடுத்தார். முதல்தர ஆட்டங்களில் 11,000க்கும் அதிகமான ஓட்டங்கள் குவித்தார். 2006-07ஆம் ஆண்டில் ரஞ்சிக் கோப்பையை வென்ற மும்பை அணிக்குத் தலைவராக இருந்தார். ஆயினும் இந்திய அணியில் ஒருமுறைகூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 2025 நவம்பரில் உலகக் கோப்பையை வென்ற இந்தியப் பெண்கள் அணியின் பயிற்சியாளர் அவர்தான்.

பெற்றோரே, பள்ளி மாற்றத்தின் பலன் இந்திய அணியின் தொப்பி ஒன்றே என்று நீங்கள் எண்ணினால், முசும்தாரின் வாழ்வு உங்களுக்குத் தோல்வியாகத் தெரியும். ஒரு மனிதன் பெற்றுக்கொண்ட கல்வியும் ஒழுக்கமும் தொழிலும் நிலைத்திருப்பதே பலன் என்று எண்ணினால், அது எவ்வளவு நிறைவான வாழ்வு என்பது விளங்கும்.

அழைக்கிற பள்ளி எதைத் தேடுகிறது?

சில பள்ளிகள் பிள்ளையின் தாலந்தை வளர்க்க அழைக்கின்றன. வேறு சில பள்ளிகள் கோப்பையை வெல்ல அழைக்கின்றன. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கட்டணம் இல்லை, சீருடை இலவசம், காலணியும் உபகரணங்களும் இலவசம் என்பார்கள். வேறுபாட்டை அறிய ஒரே கேள்வி போதும்: "மகனுக்குக் காலில் அடிபட்டு ஓராண்டு விளையாட முடியாமற்போனால், இதே சலுகையோடு அவன் இங்கே படிப்பைத் தொடரலாமா?" பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவர்களுக்கு உங்கள் மகன் தேவையில்லை. அவனுடைய கால்கள்தான் தேவை.

இக்கேள்வி நம் தேசத்தில் மாத்திரம் எழுவதன்று. அமெரிக்காவில் பல மாநிலங்களின் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள், குடும்பம் வீடு மாறாமல் விளையாட்டுக்காகவே பள்ளி மாறும் மாணவனைச் சிலகாலம் ஆட்டங்களிலிருந்து விலக்கி வைக்கும் விதிகளை வகுத்தன. புளோரிடா மாநிலம் 2016இல் சட்டமியற்றி அத்தடையைத் தளர்த்தியது. பிள்ளைக்குப் பொருத்தமான இடத்தைத் தேடும் உரிமை வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். வசதியான பள்ளிகள் மற்றப் பள்ளிகளின் நல்ல பிள்ளைகளைப் பறித்துக்கொள்ளும், புதிதாய் வருகிறவனால் அப்பள்ளியில் ஏற்கெனவே உழைத்த ஒரு பிள்ளை அணியில் இடம் இழப்பான் என்பது மறுசாராரின் கவலை. நம் பிள்ளைக்குக் கதவு திறக்கும்போது, வேறொருவரின் பிள்ளைக்கு அது மூடக்கூடும் என்பதையும் விசுவாசக் குடும்பத்தார் சிந்திக்க வேண்டும்.

அவசரமும் ஆகாது. ஒரே விளையாட்டில் முழுமையாக இறங்குவதை ஏறக்குறைய 15, 16 வயதுவரை தள்ளிவைப்பது பெரும்பாலான விளையாட்டுகளுக்கு நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் அறிவுறுத்தியது. வளரும் எலும்புகளுக்கு ஓய்வு வேண்டும். வளரும் உள்ளத்திற்கும் ஓய்வு வேண்டும். 2016 ஜனவரியில் கல்யாணில், ஆட்டோ ஓட்டுநரின் மகனான பிரணவ் தனவாடே பள்ளி ஆட்டமொன்றில் 1,009 ஓட்டங்கள் எடுத்தபோது அவருக்கு வயது 15. மும்பை கிரிக்கெட் சங்கம் மாதந்தோறும் 10,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. அடுத்த ஆண்டிலேயே, மகனின் ஆட்டம் தளர்ந்துவிட்டது என்று கூறி, அத்தொகையை நிறுத்திவிடும்படி தந்தையே கேட்டுக்கொண்டார். அந்தத் தந்தையின் நேர்மை பெரிது. ஒரு பாலகனின் தோள்மேல் ஊரார் சுமத்தும் எதிர்பார்ப்பு எவ்வளவு பாரமானது என்பதையும் அது காட்டுகிறது.

அன்னாள் தைத்த சட்டை

விடுதிக்கு அனுப்புவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோவில்பட்டியில் நடத்தும் ஹாக்கி விடுதியில் பயின்று, 2022இல் இந்திய அணியில் இடம் பெற்றார். எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு நல்ல உணவும் பயிற்சியும் உறைவிடமும் கிடைக்கும் வழி பல வேளைகளில் விடுதி ஒன்றே.

வேதத்திலும் ஒரு தாய் தன் மகனை வேறிடத்தில் விட்டாள். அன்னாள் சாமுவேலைச் சீலோவில் ஏலியின் பொறுப்பில் விட்டுச் சென்றாள். ஆயினும் வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சிறிய சட்டையைத் தைத்து எடுத்துச் சென்றாள். சட்டை பொருந்த வேண்டுமானால் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று தாய் அறிந்திருக்க வேண்டுமல்லவா? ஒப்படைத்த பின்பும் அவள் கண்ணெடுக்கவில்லை. அந்த ஆலயத்திலேயே ஏலியின் குமாரர் துன்மார்க்கராய் இருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பரிசுத்தமான இடத்திலேயே அப்படியிருந்தால், விளையாட்டு விடுதியைப் பற்றி என்ன சொல்வோம்?

2015 மே மாதம் ஆலப்புழையில், இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர்விளையாட்டு மையத்தில் தங்கிப் பயின்ற நான்கு மாணவியர் விஷக்காயை உண்டார்கள், ஒருவர் மரித்துப்போனார். அங்கே துன்புறுத்தல் இருந்ததாக உறவினர்கள் குற்றஞ்சாட்டினர். எந்தப் பெற்றோரும் இதை வாசித்துவிட்டு எளிதாகக் கடந்துபோக முடியாது.

ஆகவே, அனுப்பும் முன் விடுதிக்கு நேரில் சென்று பாருங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண் காப்பாளர் இரவிலும் உடன் இருக்கிறாரா? பிள்ளை உங்களோடு தினமும் தனிமையில் பேசத் தடை உண்டா? மூத்த மாணவர்கள் இளையவர்களை எப்படி நடத்துகிறார்கள்? பயிற்சியாளரைப் பற்றி பிள்ளை குறைகூறினால், "பொறுத்துக்கொள், வாய்ப்பு போய்விடும்" என்று ஒருபோதும் சொல்லாதிருங்கள். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்தவர் புகார் செய்வதைக் கடமையாக்கியிருக்கிறது. 1098 என்ற உதவி எண்ணைப் பிள்ளையும் மனப்பாடமாய் அறிந்திருக்கட்டும். அந்த ஊரிலுள்ள சபையின் போதகரையும் ஒரு விசுவாசக் குடும்பத்தையும் முன்னரே கண்டு பேசுங்கள். மாதம் ஒருமுறையாவது அவர்கள் வீட்டில் பிள்ளை உணவருந்தட்டும்.

படிப்பும் மொழியும்

மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளில் 9, 11ஆம் வகுப்புகளிலேயே மாணவரின் பெயர் பதிவாகிறது. 10, 12ஆம் வகுப்புகளில் பள்ளி மாறுவது, பெற்றோரின் பணியிட மாற்றம் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு, வாரியத்தின் அனுமதியோடு மட்டுமே கூடும். எனவே மாற்றம் தேவையானால் அதற்கு முன்பே தீர்மானியுங்கள். 8ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்கு, 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழைத் தாமதமின்றித் தர வேண்டும்.

மாநிலம் விட்டு மாநிலம் மாறினால் மொழியும் குறுக்கே நிற்கும். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் 10ஆம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. கர்நாடகம் 2015இல் கன்னடத்திற்கும், மகாராஷ்டிரம் 2020இல் மராத்திக்கும் சட்டம் இயற்றின. இந்தியும் மராத்தியும் படித்து வளர்ந்த பிள்ளையை விடுதிக்காகத் தமிழ்நாட்டிற்கு அனுப்பினால், தாய்மொழியே அவனுக்குக் கடினமான பாடமாக வந்து நிற்கலாம். தில்லியில் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினால், பள்ளியில் கிடைத்த தமிழ் நின்றுபோகலாம். தமிழ் வேதாகமத்தை வாசிக்க அவனுக்கு வீட்டிலேனும் கற்பிக்க ஆயத்தமா?

உண்மையும் ஆராதனையும்

வயதைக் குறைத்துக் காட்டினால் கீழ்ப்பிரிவு அணியில் இடம் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். புதிய பள்ளியில் புதிய பிறந்த தேதியோடு சேர்ப்பதும் நடக்கிறது. 2020இல் இந்தியக் கிரிக்கெட் வாரியம், தாமாக முன்வந்து உண்மையைக் கூறுவோரைத் தண்டியாமல் விடுவதாகவும், மறைத்துப் பிடிபடுவோருக்கு இரண்டாண்டுத் தடை விதிப்பதாகவும் அறிவித்தது. தடையைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பொய் சொல்லி முன்னேறலாம் என்பதைப் பிள்ளை தன் தகப்பனிடமே கற்றுக்கொள்கிறான்.

தேர்வுகளும் ஆட்டங்களும் பெரும்பாலும் ஞாயிறன்றே வைக்கப்படுகின்றன. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிறன்று நடந்த 100 மீட்டர் முதற்சுற்றில் ஓட எரிக் லிடெல் மறுத்தார். பின்பு 400 மீட்டரில் 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். அதன்பின் மிஷனெரியாகச் சீனாவுக்குச் சென்று, 1945இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் மரித்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சட்டத்தை நான் விதிக்கவில்லை. ஆனால் ஆராதனைக்கு நேரம் எப்போது என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பயிற்சியாளரிடம் பேசிவிடுங்கள். சேர்ந்த பின் கேட்டால் அது சலுகையாகத் தோன்றும். முன்பே கேட்டால் நிபந்தனையாக இருக்கும்.

கடைசியாக, பிள்ளையின் வாயிலிருந்து வரும் பதிலைக் கேளுங்கள். நிறைவேறாத நம் ஆசைகளை அவன்மேல் ஏற்றிவிட்டு, அதைத் தேவசித்தம் என்று பெயரிட வேண்டாம். அவனோடு சேர்ந்து ஜெபியுங்கள். அவன் "வேண்டாம்" என்று சொல்லவும் இடம் கொடுங்கள். அனுப்பினால், திரும்பி வரும் வழியைத் திறந்து வையுங்கள். தோற்றுத் திரும்பும் பிள்ளைக்கு வீட்டில் கண்டனம் காத்திருக்காது, தட்டில் சூடான சோறு காத்திருக்கும் என்பதை அவன் அறிந்திருந்தால், மைதானத்தில் அச்சமின்றி ஓடுவான்.

இத்தீர்மானத்தில் நிற்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் கர்த்தர்தாமே ஞானத்தைத் தந்து, உங்கள் பிள்ளைகளைக் காத்து நடத்துவாராக. ஆமென்.